ஒளி ஒலியான வரலாறு

தமிழில் ஒளி, ஒலி என்னும் இரு சொற்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஓரெழுத்தே. இயற்கையிலோ இவை இரண்டும் வெவ்வேறு தன்மையுடையன. ஒலி பரவுவதற்குக் காற்றோ நீரோ மரமோ ஏதேனும் ஒரு பொருளின் துணை வேண்டும். ஒளி வெற்றிடத்திலும் செல்லும். ஒலி காற்றில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்ல, ஒளி அதே நொடியில் ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீட்டர் சென்றுவிடுகிறது. ஒன்று மற்றொன்றாக மாறுதல் எளிதன்று.

ஆயினும், 1931ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 31ஆம் நாள் சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் 'காளிதாஸ்' என்னும் படம் திரையிடப்பட்டபோது, ஒளியே ஒலியாக மாறித் தமிழ் பேசிற்று. எச். எம். ரெட்டி இயக்க, டி. பி. ராஜலட்சுமி நடித்த அப்படமே தமிழ் பேசிய முதற் படமாகப் போற்றப்படுகிறது. அதில் தமிழோடு தெலுங்கும் கலந்தே ஒலித்தது. அரங்கில் அமர்ந்தோர் திரையைக் கண்டனர், பாட்டைக் கேட்டனர். அந்தப் பாட்டு முதலில் ஒளியாக இருந்து, பின் மின்சாரமாகி, அதன் பின்னரே ஒலியாயிற்று என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஒளி எங்ஙனம் மின்சாரமாயிற்று? உலோகத்தின்மீது தக்க ஒளி படும்போது அதிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. இந்நிகழ்ச்சிக்கு 'ஒளிமின் விளைவு' என்று பெயர். 'காளிதாஸ்' வெளிவருவதற்கு 44 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகத் தோன்றிய இவ்விளைவு, தமிழ்க் குரலாக மாறிய வரலாறு தமிழாசிரியர்களும் அறிந்திருக்கத் தக்கது.

படச்சுருளின் ஓரம்

பேசாப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையைச் சொல்லுவார். படத்தோடு குரலையும் சேர்க்க முயன்றோர் முதலில் கிராமபோன் இசைத்தட்டையே நாடினர். 1927இல் அமெரிக்காவில் வெளிவந்து புகழ்பெற்ற 'ஜாஸ் சிங்கர்' என்னும் படமும் தட்டின் துணை கொண்டே பாடிற்று. ஆனால் தட்டின் ஊசி சிறிது வழுக்கினாலும், அறுந்த சுருளை ஒட்டும்போது சில படங்கள் குறைந்தாலும், வாய் ஓரிடத்திலும் குரல் வேறிடத்திலுமாகப் பிரிந்துவிடும். குரலையும் படச்சுருளிலேயே பதித்துவிடுவதே இதற்குத் தீர்வாயிற்று.

பேசும் படச்சுருளின் ஓரத்தில், படங்களுக்குப் பக்கமாக, ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கோடு ஓடும். அக்கோடு ஓரிடத்தில் கருத்தும் ஓரிடத்தில் வெளுத்தும் இருக்கும். அல்லது ஓரிடத்தில் அகன்றும் ஓரிடத்தில் குறுகியும் இருக்கும். அதுவே குரல். சுருள் நொடிக்கு 24 படங்கள் வீதம், அதாவது ஏறத்தாழ 456 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நொடிக்கு 440 முறை அதிரும் ஒரு சுரத்தைப் பாடகி பாடினால், அதன் ஒவ்வோர் அதிர்வும் சுருளில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு எழுதப்பட்டிருக்கும்.

படம் ஓடும்போது ஒரு சிறு விளக்கின் ஒளி மெல்லிய பிளவு வழியாக இக்கோட்டின்மீது விழுகிறது. கருத்த இடத்தில் ஒளி தடைப்படும். வெளுத்த இடத்தில் ஊடுருவும். இவ்வாறு நடுங்கி நடுங்கி வரும் ஒளி, மறுபுறத்தில் உள்ள ஒரு கண்ணாடிக் குமிழுக்குள் பூசப்பட்ட உலோகத்தைச் சேர்கிறது. அதுவே ஒளிமின்கலம். மிகுந்த ஒளி பட்டால் மிகுந்த எலெக்ட்ரான்களும், குறைந்த ஒளி பட்டால் குறைந்த எலெக்ட்ரான்களும் உலோகத்தினின்று வெளிப்படுகின்றன. ஒளியின் நடுக்கம் மின்சாரத்தின் நடுக்கமாகிறது. அச்சிறு மின்சாரத்தை வால்வுகள் பன்மடங்கு பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்ப, அங்கே காற்று அதிர்ந்து பாட்டுப் பிறக்கிறது.

தொல்லையில் பிறந்த உண்மை

இவ்விளைவை முதலில் கண்டவர் ஜெர்மானிய அறிஞர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். 1887இல் கார்ல்ஸ்ரூ நகரில் அவர் மின்காந்த அலைகளைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு கருவியில் பெரிய மின்பொறியை உண்டாக்கினால், சற்றுத் தொலைவில் உள்ள மற்றொரு கம்பி வளையத்தின் இடைவெளியில் சிறு பொறி தோன்றும். அச்சிறு பொறியே அலை வந்ததற்குச் சான்று. அது மிக மங்கலாக இருந்தமையால், நன்கு காண்பதற்கென அவ்வளையத்தை இருண்ட பெட்டிக்குள் வைத்தார். வைத்ததும் பொறி மேலும் குறுகிப்போயிற்று.

இது அவர் தேடிய உண்மையன்று. அவர் வேலைக்கு இடையூறாக வந்த ஒரு தொல்லை. ஆயினும் அதனைப் புறக்கணியாமல் பல திங்கள் ஆராய்ந்தார். பெரிய பொறிக்கும் சிறு பொறிக்கும் இடையே கண்ணாடியை வைத்தால் சிறு பொறி குறுகியது. குவார்ட்சுப் படிகத்தை வைத்தால் குறுகவில்லை. கண்ணாடி தடுப்பதும் குவார்ட்சு தடுக்காததுமான ஒன்று புற ஊதாக் கதிர். அக்கதிர் உலோக முனையில் படும்போது பொறி எளிதில் பாய்கிறது என்று கண்டு, அச்செய்தியை வெளியிட்டுவிட்டுத் தம் அலை ஆராய்ச்சிக்குத் திரும்பினார். 1894இல் தம் 36ஆம் அகவையிலேயே அவர் மறைந்தார்.

மறு ஆண்டிலேயே, அதாவது 1888இல், வில்ஹெல்ம் ஹால்வாக்ஸ் என்பார் துத்தநாகத் தகடு ஒன்றில் எதிர் மின்னேற்றம் கொடுத்துப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினார். மின்னேற்றம் விரைவில் நீங்கிற்று. நேர் மின்னேற்றம் கொடுத்தபோது அவ்வாறு நீங்கவில்லை. ருசிய நாட்டு அலெக்சாண்டர் ஸ்டோலெட்டோவ், ஒளியின் அளவு மிக மிக அதனால் உண்டாகும் மின்சாரமும் அதே வீதத்தில் மிகும் என்று காட்டினார். வெளிப்படுவது யாது என்பது மட்டும் புலப்படவில்லை. ஜே. ஜே. தாம்சன் 1897இல் எலெக்ட்ரானைக் கண்டறிந்து, ஒளியால் துத்தநாகத்தினின்று வெளிப்படுவதும் அதுவே என்று 1899இல் மெய்ப்பித்தார்.

இரு பள்ளியாசிரியர்கள்

ஹெர்ட்ஸ் கண்ட விளைவு புற ஊதாவுக்கே உரியதாக இருந்திருந்தால் பேசும் படத்துக்கு அது பயன்பட்டிராது. சாதாரண விளக்கில் புற ஊதா மிகச் சிறிதே. அச்சிறிதளவையும் குமிழின் கண்ணாடி தடுத்துவிடும். கண்ணால் காணும் ஒளிக்கே எலெக்ட்ரானை வெளியிடும் உலோகம் தேவைப்பட்டது. அதனைக் கண்டுபிடித்தவர்கள் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அல்லர். வோல்ஃபன்பியூட்டல் என்னும் சிறிய ஜெர்மானிய ஊரில் பள்ளியாசிரியர்களாகப் பணிபுரிந்த யூலியஸ் எல்ஸ்டர், ஹான்ஸ் கைட்டல் என்னும் இருவரே.

இவர்கள் இளமை முதல் நண்பர்கள். ஒரே பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர்கள். வகுப்பு முடிந்த பின்னர் வீட்டிலேயே அமைத்துக்கொண்ட ஆய்வுக்கூடத்தில் இருவரும் சேர்ந்து ஆராய்ந்தனர். கட்டுரைகளையும் இருவர் பெயரிலேயே வெளியிட்டனர். பல்கலைக்கழகப் பதவி தேடிவந்தபோதும் பள்ளியைவிட்டு அகலவில்லை. 1889இல் தொடங்கி அவர்கள் நடத்திய ஆய்வுகளில், சோடியம், பொட்டாசியம் ஆகிய உலோகங்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியாலேயே எலெக்ட்ரானை வெளியிடக் காணப்பட்டன. இவ்வுலோகங்கள் காற்றுப் பட்டதும் களிம்பேறிக் கெட்டுவிடும் இயல்பின. ஆதலால் காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் அவற்றை அடைத்தனர். ஒளிமின்கலம் என்னும் கருவி இவ்வாறு பிறந்தது. 'காளிதாஸ்' படத்துக்குக் குரல் கொடுத்த குமிழ் இக்கருவியின் வழிவந்ததே.

ஒளியை மின்சாரமாக்க வேறு வழியும் அக்காலத்தில் இருந்தது. செலினியம் என்னும் பொருளில் ஒளி பட்டால் அதன் மின்தடை குறையும் என்பது 1873இலேயே தெரியவந்திருந்தது. ஆனால் செலினியம் மந்தமானது. ஒளி மாறிச் சிறிது நேரம் கழித்தே அது மாறும். நொடிக்குப் பல நூறு முறை நடுங்கும் குரலைப் பின்தொடர அதனால் இயலவில்லை. உலோகத்திலிருந்து எலெக்ட்ரான் வெளிப்படுவதிலோ காலத் தாழ்வு என்பதே உணரப்படவில்லை. ஒளி பட்டதும் எலெக்ட்ரான் வெளிப்படும். ஒளி நின்றதும் நிற்கும்.

கிணறும் கயிறும்

இந்த விரைவே அறிஞர்களுக்குப் பெரும் புதிராயிற்று. ஒளி அலை என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிந்த முடிபு. அலையாயின், மங்கிய ஒளி பட்ட உலோகத்தில் ஆற்றல் சிறிது சிறிதாகச் சேர்ந்து, நெடுநேரம் கழித்தே எலெக்ட்ரான் வெளிவரல் வேண்டும். ஒளி மிகுந்தால் எலெக்ட்ரானின் வேகமும் மிகுதல் வேண்டும். பிலிப் லெனார்ட் 1902இல் வெளியிட்ட ஆய்வு இரண்டாவது எதிர்பார்ப்பைப் பொய்யாக்கிற்று. விளக்கின் ஒளியை எத்தனை மடங்கு பெருக்கினாலும் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையே கூடியது. அவற்றின் உச்ச வேகம் சிறிதும் கூடவில்லை. ஒளியின் வகையை மாற்றினால் மட்டுமே வேகம் மாறியது.

இதற்கு விடை கண்டவர், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த 26 அகவை இளைஞர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். 1905இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இதுவே: ஒளியின் ஆற்றல் தொடர்ச்சியாகப் பரவி வருவதன்று, பொட்டலம் பொட்டலமாக வருவது. ஒவ்வொரு பொட்டலத்தின் அளவும் அவ்வொளியின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. ஒரு பொட்டலம் ஓர் எலெக்ட்ரானுக்கே தன் ஆற்றல் முழுவதையும் கொடுக்கிறது.

மாணவர்க்கு விளங்கக் கூறின், உலோகத்தை ஒரு கிணறாகவும் எலெக்ட்ரானை அதன் அடியில் உள்ள நீராகவும் கொள்ளலாம். ஒளிப் பொட்டலம் என்பது கயிறு. ஒரு வாளிக்கு ஒரே கயிறு. கயிற்றோடு கயிற்றை முடிதல் ஆகாது என்பது இயற்கையின் விதி. பொட்டாசியக் கிணற்றின் ஆழம் 23 சாண் என்று கொண்டால், துத்தநாகக் கிணற்றின் ஆழம் 43 சாண். சிவப்பு ஒளியின் கயிறு 18 சாண். ஊதா ஒளியின் கயிறு 31 சாண். சிவப்புக் கயிறு ஆயிரம் இருந்தாலும் பொட்டாசியக் கிணற்றில் நீர் எட்டாது. ஊதாக் கயிறு ஒன்றே இருந்தாலும் எட்டும். எட்டிய பின் எட்டுச் சாண் கயிறு கையில் மிஞ்சும். அந்த மிச்சமே எலெக்ட்ரான் பெறும் உச்ச வேகத்துக்குரிய ஆற்றல். துத்தநாகக் கிணற்றுக்கோ ஊதாக் கயிறும் போதாது. அதனினும் நீண்ட புற ஊதாக் கயிறே வேண்டும். ஒளியைப் பெருக்குவது கயிறுகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதேயன்றி, கயிற்றை நீளமாக்குவதன்று.

இவ்வெண்கள் கற்பனையல்ல. எலெக்ட்ரான் வோல்ட் என்னும் அலகில் அளந்த ஆற்றல்களைப் பத்தால் பெருக்கிச் சாணாகக் கூறியவையே. கிணற்றின் ஆழத்தை 'வெளியேற்று ஆற்றல்' என்றும், நீரை எட்டத் தொடங்கும் அதிர்வெண்ணைப் 'பயன்தொடக்க அதிர்வெண்' என்றும் தமிழ்ப் பாடநூல்கள் குறிக்கின்றன. எல்ஸ்டரும் கைட்டலும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் தேர்ந்தது ஏன் பயன் தந்தது என்பது இப்போது விளங்கும். அவை ஆழமில்லாக் கிணறுகள்.

சீவிய உலோகம்

ஐன்ஸ்டைனின் கருத்தை அறிஞர் பலரும் ஏற்கவில்லை. அமெரிக்க அறிஞர் ராபர்ட் மில்லிகன் அதனைப் பொய்ப்பிக்கும் நோக்குடனேயே பத்தாண்டு உழைத்தார். உலோகத்தின் மேற்பரப்பு மாசுபட்டால் அளவு தவறிவிடும். ஆகவே வெற்றிடக் குமிழுக்குள்ளேயே ஒரு கத்தியை அமைத்து, வெளியிலிருந்து காந்தத்தால் அதனை இயக்கி, சோடியம் முதலியவற்றின் மேற்பரப்பைச் சீவிச் சீவி அளந்தார். ரப்பர் மரத்தில் முந்திய நாள் வெட்டு உறைந்துவிடுவதால் மறுமுறை மெல்லிய பட்டையைச் சீவினால்தான் பால் வடியும் என்பதைத் தோட்டத்தார் அறிவர். மில்லிகனின் உலோகமும் புதிதாகச் சீவிய பரப்பிலேயே தன் உண்மையைக் காட்டிற்று. 1916இல் முடிவை வெளியிட்டபோது, ஐன்ஸ்டைனின் சமன்பாடு ஒவ்வோர் அளவீட்டிலும் சரியாக இருக்கக் கண்டார். தாம் விரும்பாத முடிவை மறைக்காமல் வெளியிட்ட அவருடைய நேர்மை போற்றத்தக்கது. அப்போதும் பொட்டலக் கொள்கையை அவர் மனம் ஒப்பவில்லை. 1923இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஐன்ஸ்டைனுக்குப் பரிசு கிடைத்த செய்தியோ தென்கிழக்காசியாவோடு தொடர்புடையது. 1922இல் ஜப்பானுக்குக் கப்பலில் புறப்பட்ட அவர், வழியில் கொழும்பில் இறங்கிவிட்டு, நவம்பர் 2ஆம் நாள் சிங்கப்பூரை அடைந்தார். எருசலேமில் அமையவிருந்த எபிரேயப் பல்கலைக்கழகத்துக்கு நிதி திரட்டுவதும் அவருடைய நோக்கங்களுள் ஒன்று. ஒரு வாரம் கழித்து, நவம்பர் 9ஆம் நாள், 1921ஆம் ஆண்டுக்குரிய இயற்பியல் நோபல் பரிசு அவருக்கு என்று ஸ்டாக்ஹோமில் முடிவாயிற்று. ஜொகூர் நீரிணைக்கு அப்பால் கால்வைத்துச் சென்ற அறிஞரின் சார்பியல் கொள்கை அன்று உலகெங்கும் பேசப்பட்டது. ஆயினும் பரிசுக் குறிப்பு சிறப்பாக எடுத்துரைத்தது ஒளிமின் விளைவின் விதியையே.

கடல் கடந்த குரல்

விதி தெளிந்தபின் கருவி செம்மையுற்றது. படப்பொறியின் சிறு விளக்கு தரும் ஒளியில் சிவப்பும் அகச்சிவப்புமே மிகுதி. அதாவது குட்டைக் கயிறுகளே மிகுதி. 1930ஐ ஒட்டி, வெள்ளியின்மேல் சீசியமும் ஆக்சிஜனும் சேர்ந்த பரப்பு ஒன்று உருவாக்கப்பட்டது. அதன் கிணறு ஏறத்தாழப் பத்துச் சாணே ஆழமுடையது. சிவப்பொளியும் அகச்சிவப்பின் ஒரு பகுதியும் அதனை எட்டின. பேசும் படம் உலகெங்கும் பரவிய காலமும் அதுவே.

தொடக்கக் காலத் தமிழ்ப் படங்கள் பம்பாய், கல்கத்தா முதலிய நகரங்களிலேயே ஒலிப்பதிவு செய்யப்பட்டன. 1934இல் ஏ. நாராயணன் சென்னையில் ஸ்ரீநிவாசா சினிடோன் என்னும் ஒலிப்படப் பிடிப்பு நிலையத்தை நிறுவினார். அங்கே உருவான 'ஸ்ரீநிவாச கல்யாணம்' படத்துக்கு ஒலிப்பதிவு செய்தவர் அவருடைய துணைவியார் மீனாட்சி நாராயணன். தமிழ்க் குரலை ஒளிக்கோடாக எழுதும் நுட்பத்தை ஒரு தமிழ்ப் பெண்மணி அக்காலத்திலேயே கைவரப் பெற்றிருந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1930களில் தமிழ்ப் படங்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தன. போருக்குப் பின், எடுத்துச் செல்ல எளிதான 16 மில்லிமீட்டர்ப் படப்பொறி தோட்டங்களுக்கும் வழி திறந்தது. ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி செல்லும் சாலையில் உள்ள உலு திராம் போன்ற ஊர்களைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களில், தொழிலாளர் குடும்பங்களுக்குத் திடலில் கட்டிய வெள்ளைத் துணியே திரையாகவும், மின்னாக்கிப் பொறியே மின்சாரத்துக்கு வழியாகவும் இருந்தது. அப்பொறிக்குள்ளும் ஒரு சிறு விளக்கு, ஒரு பிளவு, ஓர் ஒளிமின்கலம். தாயகத்தைக் கண்டறியாத பிள்ளைகளின் செவியில் தாயகத் தமிழ்க் குரலைக் கொண்டுசேர்த்தது அக்குமிழினின்று வெளிப்பட்ட எலெக்ட்ரான்களே.

இன்றைய நிலை

அக்குமிழ் இன்று படப்பொறியில் இல்லை. முதலில் சிலிக்கன் போன்ற குறைகடத்திக் கலங்கள் அதன் இடத்தைப் பிடித்தன. பின்னர் எண்முறைத் திரையீடு வந்து படச்சுருளையே நீக்கிற்று. 'காளிதாஸ்' படத்தின் பிரதியும் கிடைக்காமற் போயிற்று.

கூரைமேல் காணும் சூரியத் தகட்டையும் ஒளிமின் விளைவென்றே மாணவர் சிலர் எழுதுவதுண்டு. அது நெருங்கிய உறவுடையதே எனினும் வேறு. சூரியத் தகட்டில் ஒளியால் விடுபட்ட எலெக்ட்ரான் பொருளுக்கு உள்ளேயே ஓடுகிறது. ஹெர்ட்ஸ் கண்டதில் எலெக்ட்ரான் உலோகத்தைவிட்டே வெளியேறுகிறது. வெளியேறும் அவ்வகை இன்றும் ஒளிப்பெருக்கிக் குழாய்களில் பயன்படுகிறது. தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தில், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்களின் அடையாளம் காணப்பட்டது. அங்கே தோன்றிய மெல்லிய ஒளித்துடிப்புகளை மின்துடிப்புகளாக்கித் தந்தவை அக்குழாய்களே.

சொல்லும் பொருளும்

இவ்வளவும் தமிழில் சொல்லக் கூடுவனவே. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்து அறிவியலைத் தமிழில் எழுதிக் காட்டிற்று. எலெக்ட்ரானை இலங்கைத் தமிழர் 'இலத்திரன்' என்பர். 'எதிர்மின்னி' என்று எழுதுவோரும் உளர். சொல் வேறுபடினும் பொருள் ஒன்றே. மாணவன் மனத்தில் பொருள் பதிந்தபின் எச்சொல்லும் அவனை இடறாது.

மலேசியாவில் 2003 முதல் தொடக்கப் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. 2009இல் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. தமிழில் அறிவியல் இயலுமா என்னும் வினா அவ்வாண்டுகளில் பலமுறை எழுந்தது. அவ்வினாவுக்கு மேடைப் பேச்சைக் காட்டிலும் வகுப்பறை விளக்கமே உறுதியான விடை. கிணற்றையும் கயிற்றையும் கொண்டு ஒளியின் விதியை ஒரு சிறுவன் தன் தாய்மொழியில் உணர்ந்துவிட்டால், பின்னர் அவன் எம்மொழியில் அதனைப் படித்தாலும் தடுமாறான்.

எல்ஸ்டரும் கைட்டலும் பேசும் படத்தை எண்ணி உழைத்தவர்கள் அல்லர். எல்ஸ்டர் 1920இலும் கைட்டல் 1923இலும் மறைந்தனர். தம் குமிழ் ஒருநாள் தமிழ் பேசும் என்பதை அவர்கள் அறிந்திலர். ஒரு சிற்றூர்ப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே, விளங்காத ஒன்றை விளங்கும்வரை ஆராய்ந்தனர். கண்டதை மற்றவர் பயன்படுத்துமாறு தெளிவாக எழுதிவைத்தனர். பள்ளியாசிரியர் பணியின் எல்லை வகுப்பறைச் சுவரோடு முடிவதன்று என்பதற்கு அவ்விருவர் வாழ்வு போதிய சான்றாகும்.